புவியிணைப்பு வளையம்

புவியிணைப்பு வளையம் என்பது, ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட இரு மின்கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் புவியுடன் (எர்த்) தொடுக்கப்படும்போது உருவாகும் மூடிய மின்சுற்று ஆகும். மடிக்கணினியுடன் இணைத்த ஒலிபெருக்கியில் கேட்கும் தொடர்ந்த ரீங்காரத்துக்கு இது ஒரு பொதுவான காரணமாகும்.

காரணம்

இரு கருவிகளின் புவிமுனைகளுக்கு இடையேயுள்ள சிறு மின்னழுத்த வேறுபாட்டால், ஒலிவடத்தின் உறைக்கம்பி வழியே மின்னோட்டம் பாய்ந்து ஒலிக்குறிகையுடன் கலக்கிறது. இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் மின்வழங்கலின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், ரீங்காரம் அவ்வதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் அமையும்.

கண்டறிதல்

மின்னேற்றியைக் கழற்றி, மடிக்கணினியை மின்கலத்தில் இயக்கும்போது ரீங்காரம் நின்றால், குறை வளையத்திலோ மின்னேற்றியிலோ உள்ளது எனலாம். நிற்காவிடில் ஒலிவடத்தையும் அதன் செருகியையும் சோதிக்க வேண்டும்.

தீர்வு

இரு கருவிகளுக்கும் ஒரே நீட்டிப்புப் பலகையிலிருந்து மின்சாரம் அளிப்பது ரீங்காரத்தைக் குறைக்கும். ஒலிவடத்தின் இடையே பிரிப்பு மின்மாற்றி பொருத்தினாலோ, வடமின்றி புளூடூத் மூலம் இணைத்தாலோ வளையம் அறுபடும்.

மின்செருகியின் புவிமுனையை அகற்றினாலும் ரீங்காரம் நிற்கக்கூடும்; ஆயினும் இது உயிருக்கு ஆபத்தானது. மின்கசிவு ஏற்படின், மின்னோட்டம் புவிக்குச் செல்ல வழியின்றிக் கருவியின் உலோக உறை மின்னேறிய நிலையிலேயே இருந்து, தொடுபவரைத் தாக்கும்.