எரிக்கப்பட்ட அந்த ஆஸ்பத்திரி லிஸ்ட்

1919 அக்டோபர். நியூயார்க், வால்டோர்ஃப் அஸ்டோரியா ஓட்டல். அமெரிக்க சர்ஜன்கள் சங்கத்தோட மாநாடு நடக்குது. நடுராத்திரியில் அந்த ஓட்டலோட உலையில ஒரு பேப்பர் கட்டைப் போட்டு எரிக்கிறாங்க. ஆஸ்பத்திரிகளோட பேர் இருந்த லிஸ்ட் அது. எரிச்சது வேற யாருமில்ல, அந்த லிஸ்ட்டைத் தயாரிச்ச அதே சங்கம்தான்.

இன்னைக்கு நீங்க எந்த ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனாலும் உங்க பேர்ல ஒரு கேஸ் ஷீட் போடுறாங்க இல்லையா, அதுக்கும் இந்த லிஸ்ட்டுக்கும் சம்பந்தம் இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். மெடிக்கல் கவுன்சில் வேற, சங்கம் வேற. கவுன்சில் சட்டப்படி அமைஞ்சது. டாக்டரைப் பதிவு பண்றதும், தப்பு பண்ணினா அந்தப் பதிவை எடுக்கிறதும் அதோட வேலை. சங்கம்ங்கிறது டாக்டர்கள் தாங்களாவே சேர்ந்து வெச்சுக்கிறது. நம்ம நாட்டில் 1938ல் ஆரம்பிச்ச அசோசியேஷன் ஆஃப் சர்ஜன்ஸ் ஆஃப் இந்தியா அப்படிப்பட்டதுதான். மாநாடு நடத்தும், ஜர்னல் போடும், ஜூனியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும். யாரோட பதிவையும் ரத்து பண்ண முடியாது.

அப்ப இப்படி ஒரு சங்கம் யாருக்காக? சர்ஜனுக்காகவா, அவர் கத்திக்குக் கீழ படுக்கிறவருக்காகவா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி நூறு வருஷத்துக்கு முன்னாடியே வெடிச்சது.

மயக்க மருந்தும், கிருமியில்லாம ஆபரேஷன் பண்ற முறையும் வந்த பிறகு வயிற்றைத் திறக்கிறது சாதாரணமாயிடுச்சு. டாக்டர் லைசென்ஸ் இருந்தா போதும், யார் வேணும்னாலும் ஆபரேஷன் பண்ணலாம். நோயாளியை அனுப்பி வைக்கிற டாக்டருக்கு சர்ஜன் தன் ஃபீஸில் பங்கு கொடுப்பார். நம்ம ஊர்ல கமிஷன்னு சொல்றோமே, அதேதான். நோயாளி போறது திறமையான சர்ஜன்கிட்ட இல்ல, அதிகமா பங்கு கொடுக்கிற சர்ஜன்கிட்ட.

1913ல் சிகாகோ டாக்டர் ஃப்ராங்க்ளின் மார்ட்டின் முன்னின்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் ஆரம்பிச்சார். பேர்ல காலேஜ் இருந்தாலும் அது சங்கம்தான். சேரணும்னா கமிஷன் கொடுக்க மாட்டேன்னு உறுதிமொழி தரணும். தான் பண்ணின ஆபரேஷன்களோட விவரங்களையும் எழுதிக் கொடுக்கணும்.

இங்கதான் சிக்கல். நிறைய பேரால அதைக் கொடுக்க முடியல. அவங்க வேலை பார்த்த ஆஸ்பத்திரிகளில் ஒழுங்கான பதிவேடே இல்ல! நோயாளிக்கு என்ன இருந்தது, என்ன பண்ணினாங்க, என்ன ஆனார், எழுத்தில் எதுவும் கிடையாது. சர்ஜனைச் சோதிக்கப் போன சங்கம் ஆஸ்பத்திரியைச் சோதிக்க வேண்டியதாச்சு.

அதுக்கான கமிட்டிக்குத் தலைவர் பாஸ்டன் சர்ஜன் எர்னஸ்ட் காட்மேன். இவரைப் பத்தி நிறுத்தி நிதானமா சொல்லணும். மாணவரா இருந்தப்ப இவரும், பின்னாளில் நரம்பு அறுவை சிகிச்சையில் பெரிய பேர் வாங்கின ஹார்வி குஷிங்கும் ஒரு டின்னருக்குப் பந்தயம் கட்டினாங்க. யார் ஈதர் மயக்கம் நல்லா கொடுக்கிறாங்கன்னு பார்க்கலாம்னு. அதுக்காக நாடித்துடிப்பை விடாம குறிச்சு வெச்ச தாள்கள்தான் இன்னைக்கு ஒவ்வொரு ஆபரேஷன் தியேட்டரிலும் இருக்கிற அனஸ்தீசியா சார்ட்டுக்கு முன்னோடி.

காட்மேன் கேட்டது ஒரே ஒரு விஷயம். ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு அந்த நோயாளி எப்படி இருக்கார்? நல்லா இல்லைன்னா ஏன்? இதை ஒவ்வொருத்தருக்கும் ஒரு கார்டில் எழுது. எழுதினதை வெளியிடு.

சொன்னதோட நிறுத்தல. 1911ல் சொந்தமா ஒரு குட்டி ஆஸ்பத்திரி ஆரம்பிச்சு அவரே செஞ்சு காட்டினார். 1916 வரைக்கும் 337 நோயாளிகள், 123 தவறுகள். எது அறிவுக் குறைவால் வந்தது, எது நோயைத் தப்பா கணிச்சதால் வந்தது, எது யார் கையிலும் இல்லாததுன்னு பிரிச்சு அச்சடிச்சு மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பினார். தன் தவறை இப்படி எண்ணி ஊருக்கு அனுப்பின சர்ஜனை வேற எங்கயும் நான் படிச்சதில்ல.

சாமர்த்தியம் மட்டும் கொஞ்சம் கம்மி. 1915 ஜனவரியில் பாஸ்டன் டாக்டர்கள் கூட்டத்தில் ஒரு பெரிய கார்ட்டூனைத் திரை விலக்கிக் காட்டினார். மண்ணுக்குள்ள தலையை விட்டிருக்கிற நெருப்புக்கோழி, அதுதான் ஊர் பணக்காரங்க. பின்னால டாக்டர்களுக்குத் தங்க முட்டை போட்டுக்கிட்டே இருக்கு. உண்மையைச் சொன்னா கோழி முட்டை போடுறதை நிறுத்திடுமோன்னு பெரிய மனுஷங்க யோசிக்கிறாங்க. கூட்டத்தில் ரகளை. உள்ளூர் சங்கத்தில் பதவி போச்சு, ஹார்வர்டில் பார்த்த ஆசிரியர் வேலையும் போச்சு.

ஆள் ஒதுக்கப்பட்டாலும் வேலை நிக்கல. சங்கம் 1917ல் 'மினிமம் ஸ்டாண்டர்ட்'னு ஒன்னு கொண்டுவந்துச்சு. மொத்தமே ஒரு பக்கம். டாக்டர்கள் ஒழுங்கமைஞ்ச குழுவா இருக்கணும். அவங்க தகுதியுள்ளவங்களா, கமிஷன் வாங்காதவங்களா இருக்கணும். மாசம் ஒரு தடவையாவது கூடி கேஸ்களை அலசணும். ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான கேஸ் ஷீட் இருக்கணும். லேப், எக்ஸ்ரே இருக்கணும். அவ்வளவுதான்.

இதை வெச்சு 100 படுக்கையும் அதுக்கு மேலயும் இருந்த 692 ஆஸ்பத்திரிகளைப் பார்த்தாங்க. தேறினது 89. மீதி 603 ஃபெயில். அதில் நாடே கும்பிட்ட பெரிய பேர்களும் இருந்துச்சு. எண்ணிக்கையை மாநாட்டில் சொன்னாங்க. பேர் பத்திரிகைக்காரங்க கைக்குப் போயிடக் கூடாதுன்னு லிஸ்ட்டை உலையில் போட்டாங்க.

இது சரியா? அடுத்த வாரம் அந்த 603ல் ஒன்னுக்குத் தன் குழந்தையைத் தூக்கிட்டுப் போன அம்மா பக்கத்தில் நின்னு பார்த்தா, துரோகம். நான் அதை மழுப்பிச் சொல்ல விரும்பல. ஆனா அரசு ஆஸ்பத்திரியில் இறப்புகளை அலசுற கூட்டங்களில் உட்கார்ந்தவன்ங்கிற முறையில் இன்னொன்னும் தெரியும். பேரைச் சொல்லி அவமானப்படுத்துவாங்கன்னு பயம் வந்துட்டா, அடுத்த மாசத்துலேருந்து கேஸ் ஷீட் ரொம்ப அழகா இருக்கும், உண்மை மட்டும் இருக்காது.

சங்கத்துக்குச் சட்ட அதிகாரம் இல்ல. ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்தியிருந்தா ஒன்னும் பண்ணியிருக்க முடியாது. தேறினவங்க பேரை மட்டும் வருஷா வருஷம் வெளியிட ஆரம்பிச்சதும், அதில் இடம் பிடிக்க மற்றவங்க ஓடிவந்தாங்க. 1950ல் அந்த எண்ணிக்கை 3,000ஐத் தாண்டிடுச்சு. 1951ல் மற்ற மருத்துவ அமைப்புகளோட சேர்ந்து ஜாயின்ட் கமிஷன் உருவாச்சு. இன்னைக்கு நம்ம ஊர் ஆஸ்பத்திரி வாசலில் என்ஏபிஹெச் போர்டு பார்க்கிறீங்களே, அதுக்குப் பின்னால இருக்கிற யோசனையும் இந்த வழியில் வந்ததுதான்.

ஆனா ஒன்னைக் கவனிச்சீங்களா? அந்த ஒரு பக்கத்தில் பதிவேடு இருக்கான்னு கேட்டாங்க, எக்ஸ்ரே இருக்கான்னு கேட்டாங்க. நோயாளி பிழைச்சாரான்னு கேட்கல. காட்மேனோட கேள்வி நடுவில் நழுவிப் போச்சு.

அவர் 1940ல் இறந்தார். 2014 வரைக்கும் கல்லறையில் பேர் பொறிச்ச கல்கூட இல்ல. அப்புறம் அவர் தொடங்க உதவின அதே சங்கமும் வேற சில அமைப்புகளும் சேர்ந்து வெச்சாங்க.

2004லேருந்து அந்தச் சங்கமே ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து, ஆபரேஷன் ஆன 30 நாளுக்குள்ள நோயாளிக்கு என்ன ஆச்சுன்னு கணக்கெடுக்குது. முடிவு அந்தந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போகும், பொதுவில் வராது. பேரோட வெளியிட்டது இன்னொரு சங்கம், இதய நெஞ்சக சர்ஜன்களோடது. 2010ல், சம்மதிச்ச குழுக்களோட பைபாஸ் ஆபரேஷன் முடிவுகளை 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகையில் வர விட்டாங்க. வாஷிங் மெஷினுக்கும் காருக்கும் ரேட்டிங் போடுற பத்திரிகை அது.