கோலார் தங்கவயல் சயனைடு குன்றுகள்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், தங்கம் பிரித்தபின் எஞ்சிய மணல் குவிந்து உருவான செயற்கைக் குன்றுகள். மொத்தம் 13 குவியல்கள். இவற்றில் சுமார் 3.3 கோடி டன் கழிவு உள்ளது.

தோற்றம்

ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880-களில் மைசூர் மைன்ஸ் முதலிய சுரங்கங்களை வளர்த்தெடுத்தது. பாறையில் தங்கம் மிகச் சிறிய அளவிலேயே இருந்ததால், வெட்டி எடுத்த தாதுப்பாறை மாவாக அரைக்கப்பட்டது. பொன்துகள் முதலில் பாதரசத்தாலும், பின்னர் சயனைடு கரைசலாலும் பிரித்தெடுக்கப்பட்டது. மிஞ்சிய மணல் ஆலைகளுக்கு அருகிலேயே கொட்டப்பட்டது. அதே ஆலைகளைச் சுற்றித்தான் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் 'லைன்' எனப்பட்ட வரிசை வீடுகளும் இருந்தன. காற்று வீசும் திசையோ மழைநீர் வடியும் வழியோ இடத்தேர்வில் பெரிதாகக் கணக்கில் கொள்ளப்படவில்லை.

இடர்கள்

பெயரில் சயனைடு இருந்தாலும், வெயிலிலும் காற்றிலும் அது நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும். நீடித்து நிற்கும் இடர்கள் வேறு. முதலாவது தூசி. மணலில் குவார்ட்சு மிகுதி. அதன் நுண்தூள் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் உண்டாகும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் முறையாகப் பதிவானதே கோலார் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான். 1940-களில் அதைப் பதிவுசெய்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்டோரில் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு நோய் இருந்தது. சுரங்கத்துக்குள் உழைத்தவர்களை வாட்டிய அதே கனிமம், கோடைக்காற்றில் குடியிருப்புகளுக்குள்ளும் வருகிறது.

இரண்டாவது நீர். மணலில் உள்ள கந்தகக் கனிமங்கள் காற்றும் மழையும் பட்டு அமிலமாகி, உலோகங்களைக் கரைத்துக்கொண்டு வடியக்கூடும். வட்டாரத்தின் முதன்மை ஆறான பாலாறு, பேத்தமங்கலம், ஆந்திரப் பிரதேசம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் செல்கிறது. ஆகவே வடிகாலைப் பற்றிய கேள்வி மாநில எல்லையோடு முடிவதில்லை.

மறு அகழ்வு

பின்னாளில் சுரங்கங்களை நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று அவற்றை மூடியது. குவியல்களில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கமே எஞ்சியுள்ளது. ஆனால் விலை ஏறியதால் அதுவும் ஆதாயமாகத் தெரிகிறது. 1,003.4 ஏக்கரில் உள்ள 13 குவியல்களையும் மீண்டும் அகழும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது.

அகழத் தொடங்கினால், பல்லாண்டுகளாக இறுகிக் கிடக்கும் மணல் கலையும், தூசி பெருகும். புதிதாகச் சயனைடு பயன்படுத்தினால் அதன் கழிவைச் சேர்த்துவைக்கப் புதிய இடமும் வேண்டும். அகழ்வுக்கு முன்பே காற்று, கிணற்றுநீர், மண் ஆகியவற்றின் இன்றைய நிலையை அளந்து பதிவு செய்தால்தான் பின்னால் நேரும் கேட்டை மெய்ப்பிக்க முடியும். கழிவுக்கான இடம், காற்றின் போக்கும் நீரோட்டமும் பார்த்து, குடியிருப்புகளுக்கு எட்டத்தில் அமைய வேண்டும். சுரங்கத் திட்டங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வகுத்த கருத்துக்கேட்புக் கூட்டம் இங்கு தமிழிலும் கன்னடத்திலும் நடப்பது அவசியம். மூன்று தலைமுறையாக அந்தத் தூசியைச் சுவாசித்தவர்களின் அனுபவமும் மதிப்பீட்டில் சான்றாக இடம்பெற வேண்டும்.