குருவற்ற கோவில்களும் அண்ணாவிமாரும்

ஒரு திருச்சபையின் வளர்ச்சியைக் கட்டப்பட்ட கோவில்களையும் ஞானஸ்நானம் பெற்றோர் தொகையையும் கொண்டு அளப்பது மறைப்பணி வரலாறெழுதுவோர் பலரின் வழக்கம். ஈழத்தில் ஒல்லாந்தர் ஆட்சிபுரிந்த காலத்துக் கத்தோலிக்க சமுதாயத்தை இவ்வளவுகோல் கொண்டு நோக்கினால் வீழ்ச்சியொன்றே புலப்படும். கோவில்கள் பறிக்கப்பட்டன; குருமார் நாடுகடத்தப்பட்டனர்; வெளிப்படையான வழிபாடு குற்றமாயிற்று. ஆயினும், ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் அச்சமுதாயம் முன்னிலும் உறுதியுடையதாய் வெளிப்பட்டது. எண்ணிக்கை ஒருபுறமிருக்க, செபம், மறையறிவு, ஒறுத்தல், பிறர்க்கு உதவுதல் ஆகிய அகவாழ்வின் கூறுகள் குருமாரின்றியே எவ்வாறு பேணப்பட்டன என்பதே இங்கு ஆராயற்பாலது.

போர்த்துக்கேயர் காலத்துக் கிறித்தவம் அரசின் துணையோடு பரவிய கிறித்தவமாகும். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபின் பிரான்சிஸ்கன் சபையினரும் இயேசு சபையினரும் குடாநாட்டைப் பங்குகளாக வகுத்துக்கொண்டு பணிபுரிந்தனர். பெருந்தொகையினர் மதம் மாறினர். அவர்களுட் பலரது மாற்றம் மேலோட்டமானது என்பதை மறுத்தல் இயலாது. எனினும் அக்காலத்திலேயே தமிழ்ப் பண்போடு ஒன்றிய பக்தி மரபொன்றும் அரும்பியிருந்தது. தெல்லிப்பழையைச் சேர்ந்த பேதுருப் புலவர் 1647இற் பாடிய சந்தியோகுமையோர் அம்மானை அதற்குச் சான்றாகும். மக்கள் கூடியிருந்து கேட்கும் அம்மானை வடிவத்தைப் புனிதரொருவரின் வரலாற்றுக்கு ஏற்றமை, இம்மறை வெறும் அரசாங்கப் பதிவேட்டில் மட்டும் நிற்கவில்லை என்பதை உணர்த்துகின்றது.

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைப்பட்டன. அவ்வாண்டு செப்டெம்பர் மாதம் பிறப்பிக்கப்பட்ட கட்டளை, கத்தோலிக்க குருவை மறைத்து வைப்போருக்கு மரணதண்டனை என விதித்தது. கோவில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாட்டிடங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. மரணதண்டனையினும் ஆழமாகச் சமுதாயத்தைப் பாதித்தது பாடசாலைத் தோம்பு என்று கூறலாம். ஞானஸ்நானமும் விவாகமும் உபதேசியாரின் தோம்பிலே பதியப்படல் வேண்டும். பதியப்படாத விவாகம் சட்டத்தின் முன் விவாகமன்று. அதிற் பிறந்த பிள்ளைக்கு முதுசத்தில் உரிமை ஐயத்துக்குரியதாகும். வாளுக்கு அஞ்சாதவனும் தன் பிள்ளையின் காணிக்கு அஞ்சுவான். எனவே பல குடும்பங்கள் பகலில் ஒல்லாந்தர் கோவிலில் தலைகாட்டி, இரவில் வீட்டின் உள்ளறையிற் செபமாலை சொல்லும் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தன. இதனைக் கோழைத்தனம் எனக் கடிந்துரைப்பது எளிது. ஆனால், அவ்விரவுச் செபமே சமுதாயத்தின் அழிவைத் தடுத்தது என்பதை மறத்தலாகாது.

1658 தொடக்கம் 1687 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், குருவின் நிலையான பணி இந்நாட்டிற் கிடைக்கவில்லை. பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. ஒரு முழுத் தலைமுறை குருவின் முகத்தைக் காணாது வளர்ந்தது. மாந்தையிலிருந்த மாதாவின் திருவுருவத்தை 1670 அளவில் விசுவாசிகள் சிலர் எடுத்துச் சென்று மடுக் காட்டிலே அடைக்கலம் புகுந்தனர் என்னும் மரபு இக்காலத்தையே சுட்டுகின்றது. அவ்வாறு சென்றோர் குருமார் அல்லர், குடியானவர்களே என்பது கவனித்தற்குரியது.

இவ்விடைக்காலத்திற் சமுதாயத்தைத் தாங்கியோர் மூப்பரும் அண்ணாவியாருமாவர். இவ்வமைப்பின் வேர் கடலுக்கு அப்பால், முத்துக்குளித்துறையிலே உள்ளது. 1540களில் பிரான்சிஸ் சவேரியார் அக்கரையோர ஊர்களிலே தாம் இல்லாத வேளையிற் செபங்களைச் சொல்லிக்கொடுக்கவும் சாகுந்தறுவாயிலுள்ள குழந்தைகட்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் கணக்கப்பிள்ளைமாரை நியமித்தார். ஈழத்துக் கரையோரத்திலும் அத்தகைய பொறுப்பாளர் தோன்றினர். மூப்பர் ஊரின் மூத்தவர்; கோவிற் காரியங்களை நடத்துபவர். அண்ணாவியார் என்னும் சொல்லோ ஆசிரியனைக் குறிப்பது. திண்ணைப் பள்ளியில் ஏடு சொல்லிக் கொடுப்பவனும் கூத்துப் பழக்குபவனும் அண்ணாவியே. செபமும் மறையும் சொல்லிக் கொடுத்தவரையும் மக்கள் அப்பெயராலேயே அழைத்தனர். புதிய பணியொன்றுக்குப் பழைய பெயரை வழங்கியதனால், அப்பணி ஊர் வாழ்க்கையின் ஒரு பகுதியாயிற்று.

இந்நிலையில் 1687இல் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தார் யோசே வாஸ் அடிகள். 1651இற் கோவாவிலுள்ள பெனோலிமிற் பிறந்து, 1676இற் குருப்பட்டம் பெற்ற இவர், கோவாவில் உருவாகிய ஒறற்றோரியன் சபையை நெறிப்படுத்தியவர். ஐரோப்பியத் துறவற சபைகள் கோவாச் சுதேசிகளை ஏற்க மறுத்த காலத்தில், சுதேசக் குருமார் தாமே ஒன்றுகூடி அமைத்த சபை அது. அச்சபையும் பிராமண குலத்தாரையே சேர்த்துக்கொண்டது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. அக்குலத்தில் வந்தவர், ஒல்லாந்தரின் காவலைத் தப்புவதற்குக் கூலியாளின் கோலம் பூண்டு தூத்துக்குடியிலிருந்து கப்பலேறினார். யாழ்ப்பாணத் தெருக்களிற் செபமாலையைக் கழுத்திலணிந்து வீடுவீடாகப் பிச்சையேற்றார். அம்மாலையைக் கண்டு எவ்வீட்டாரின் முகம் மாறுகின்றது என்பதே அவர் தேடிய அடையாளம். மறைந்திருந்த சமுதாயத்தைக் கண்டுபிடிக்க இதனினும் நுட்பமான வழி இருந்திருக்க முடியாது.

சில்லாலை அவரது முதல் நிலையமாயிற்று. அங்கிருந்து குடாநாட்டின் ஊர்களுக்கு இரவிற் சென்று பணிபுரிந்தார். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கர் கூடியிருந்த வீடுகளைச் சோதனையிட்டு ஏறத்தாழ 300 பேரைச் சிறைப்பிடித்தனர் என மறைப்பணி வரலாறுகள் கூறும். குரு தப்பினார், விசுவாசிகள் கசையடியும் அபராதமும் கட்டாய உழைப்பும் பெற்றனர். இந்நிகழ்ச்சி அடிகளுக்கு ஓர் உண்மையை உணர்த்தியிருத்தல் வேண்டும். குருவை நடுவாகக் கொண்ட சமுதாயம் குருவோடு பிடிபடும். ஆகவே, குரு இல்லாத நாட்களிலும் தானே இயங்கவல்ல சமுதாயம் தேவை. அவரது பிற்காலப் பணிமுறை இதற்கு ஏற்பவே அமைந்தது.

1692இற் கண்டி சென்ற அடிகளைப் போர்த்துக்கேய ஒற்றரென ஐயுற்று இரண்டாம் விமலதர்மசூரியன் சிறையிலிட்டான். பின்னர் அம்மன்னனே அவருக்குப் பாதுகாப்பு அளித்தான். பௌத்த மன்னன் ஒருவனின் நாடு, கிறித்தவ வல்லரசொன்றினால் துரத்தப்பட்ட கிறித்தவருக்குப் புகலிடமாயிற்று. 1690களின் பிற்பகுதியிற் கோவாவிலிருந்து ஏனைய குருமாரும் வந்து சேர, கண்டி, புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம், நீர்கொழும்பு, கொழும்பு, மட்டக்களப்பு முதலாய இடங்கள் சுற்றுப்பணிக்கென வகுக்கப்பட்டன. ஒரு குரு ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை வருதலே அரிது. சில இரவுகள் தங்கிப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, விடியுமுன் பூசை ஒப்புக்கொடுத்து, அடுத்த ஊருக்குச் செல்வார். எஞ்சிய நாட்களெல்லாம் அண்ணாவியாருக்கு உரியன.

அந்நாட்களின் ஒழுங்கு எளிமையானது, ஆனால் இறுக்கமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் ஒரு வீட்டிலோ ஓலைக் கொட்டிலிலோ கூடுவர். அண்ணாவியார் செபங்களைச் சொல்ல, மற்றையோர் தொடர்வர். மறையின் மூலபாடங்கள் வினாவிடையாகச் சொல்லிக்கொடுக்கப்படும். ஞானநூலொன்று உரத்து வாசிக்கப்படும். நோயாளரைச் சந்தித்தல், சாவார்க்கருகில் இருந்து செபித்தல், ஆபத்திலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தல், குரு வருமுன் பாவசங்கீர்த்தனத்துக்கு மக்களை ஆயத்தப்படுத்தல், தோம்பில் மட்டும் பதியப்பட்ட விவாகங்களைக் குருவின் முன் ஒழுங்குபடுத்த ஏற்பாடு செய்தல் ஆகியன அவரது கடமைகளாயின. அடிகளார் தாமே தமிழையும் சிங்களத்தையும் கற்று, செபங்களை அம்மொழிகளில் அமைத்தளித்தமை இவ்வொழுங்குக்கு அடிப்படையாயிற்று. பொருள் விளங்காத இலத்தீன் செபத்தை ஓதுபவன் அதனை மனனஞ் செய்வான். தன் மொழியிற் செபிப்பவன் அதனைத் தன் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பான்.

1697இல் கண்டியிற் பெரியம்மை பரவியபோது மன்னனும் மக்களும் நகரைவிட்டகன்றனர். நோயுற்றோர் காடுகளிலும் தெருக்களிலும் கைவிடப்பட்டனர். வாஸ் அடிகளும் அவருடைய மருமகன் முறையான யோசே கர்வாலோ அடிகளும் நகரில் தங்கி, நோயாளரைச் சேர்த்துப் பராமரித்தனர். இறந்தோரை அடக்கஞ் செய்தனர். பௌத்தர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடு அங்குக் காட்டப்படவில்லை. கண்டிக் கத்தோலிக்கருக்கு இது எந்தப் பிரசங்கத்தினும் மேலான மறைபோதனையாயிற்று.

1711 ஜனவரி 16ஆம் நாள் அடிகள் கண்டியிற் காலமானார். அப்போது நாட்டிற் கத்தோலிக்கர் 70,000 பேர் இருந்தனர் எனச் சிலர் கூறுவர். அக்காலத்துத் தொகைகளை அப்படியே நம்புதல் அறிஞர்க்கு அழகன்று. தொகையினும் உறுதியான சான்றாக நிற்பன அவர்பின் எழுந்த நூல்களே.

யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் 1676இற் கோவாவின் திவார் தீவிற் பிறந்து, 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இற் போலவத்தையிற் காலமானவர். தமிழ், சிங்களம், போர்த்துக்கேயம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதியவர். சிங்களக் கிறித்தவ இலக்கியத்தின் தந்தையென அவர் போற்றப்படுகின்றார். தமிழுக்கு அவர் ஆற்றிய பணி அவ்வளவுக்குப் பேசப்படாதது வருந்தத்தக்கது. தேவ அருள் வேத புராணம், சுகிர்த தர்ப்பணம், வியாகுலப் பிரசங்கம் ஆகியன அவர் பெயரால் வழங்கும் தமிழ் நூல்களுட் சில. இவை கற்றோர் தனித்திருந்து படிப்பதற்கென எழுந்தனவல்ல. குருவற்ற கோவிலிலே ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதற்கென ஆக்கப்பட்டவை. அந்நோக்கமே அவற்றின் நடையைத் தீர்மானித்தது. வேதாகமக் கதையைப் புராணமென்று பெயரிட்டு வழங்கியமையும், கேட்போர் மனத்தில் துயரெழுப்பும் ஒப்பாரிப் பாங்கைக் கிறிஸ்துவின் பாடுகளுக்கு ஏற்றமையும் தற்செயலானவையல்ல. வடமொழிச் சொற்கள் மலிந்த அந்நடையை இன்றைய தனித்தமிழ் நோக்குடன் குறைகூறுவோர் உளர். ஊரவர் புராணபடனத்திற் கேட்டுப் பழகிய மொழியும் அதுவே என்பதை அவர்கள் எண்ணுதல் வேண்டும்.

கூத்து மரபும் இதனோடு இணைந்ததே. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் புனிதர் வரலாறுகள் நாடகமாகவும் வாசகப்பாவாகவும் ஆடப்பட்டன. நேர்த்திக்காக ஆடுதலும், ஆடுவோர் செபத்தோடு தொடங்குதலும் அவற்றை வழிபாட்டின் நீட்சியாக்கின. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் என்றீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய நாடகங்களைப் பதிப்பித்ததன் பின்னரே பல்கலைக்கழக உலகின் பார்வை இவற்றின்மேல் விழுந்தது.

ஒல்லாந்தரின் திருச்சபையும் மக்களின் அகவாழ்வைப் புறக்கணித்தது என்று கூறுதல் நீதியன்று. அவர்கள் 1690இல் நல்லூரிற் குருமடமொன்றை நிறுவினர். தமிழ்ப் புலமை மிக்க பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இற் கொழும்பில் அச்சேறியது. கத்தோலிக்கரிடம் அக்காலத்தில் அச்சுக்கூடமே இருக்கவில்லை. ஆயினும் 1796இல் ஆங்கிலேயர் வந்து, தோம்பின் கட்டாயம் தளர்ந்ததும், அத்திருச்சபையிற் பெயர் பதிந்திருந்தோரின் தொகை சில ஆண்டுகளில் விரைந்து சரிந்தது. 1740களிற் கண்டி மன்னனின் பாதுகாப்பையும் இழந்திருந்த கத்தோலிக்கர், 1806இற் சட்டத்தடைகள் நீங்கியபோது, ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவியாரும் செபக்கூட்டமும் உடையவராய் வெளிவந்தனர். நல்ல நூலும் கற்ற போதகரும் இருந்த இடத்தில் ஊரவருக்குப் பொறுப்பு இருக்கவில்லை. வறுமையும் ஏட்டுப்பிரதியும் இருந்த இடத்தில் அப்பொறுப்பு இருந்தது. இவ்வேறுபாட்டுக்கு ஒல்லாந்தரின் கட்டாயம் மட்டும் காரணமென விளக்குவோர் இப்பகுதியைக் காணத் தவறிவிடுகின்றனர்.

அப்பொறுப்புக்கு ஒரு விலையும் இருந்தது. மூப்பர் பதவி ஊரிற் செல்வாக்குடைய குடும்பங்களைச் சார்ந்து நின்ற இடங்களில், சாதிப் படிநிலையும் கோவிலுக்குள் உறுதிபெற்றது. 1847இல் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த ஐரோப்பியக் குருமார் வந்தபின்னர், கோவிற் சொத்தும் திருவிழாவும் யாருடைய அதிகாரத்திற்குட்பட்டவை என்ற பிணக்குகள் எழுந்தன. குருமார் இதனைக் கீழ்ப்படியாமை என்றனர். தம் முன்னோர் கசையடிபட்டுக் காத்த கோவிலின் திறப்பை நேற்று வந்தவரிடம் ஏன் ஒப்படைக்க வேண்டுமென்பது ஊரவரின் வினாவாயிருந்தது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது.

வாஸ் அடிகள் 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலிற் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். அவரோடு இரவில் நடந்த அண்ணாவிமாருட் பெரும்பாலோர் பெயர் ஏட்டிலில்லை. ஆனால் தபசுகாலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வியாகுலப் பிரசங்கம் இன்றும் இராகத்தோடு வாசிக்கப்படுகின்றது. அதனை வாசிப்பவர்கள் ஊரவர்களே.