ஃபுல் ஹேண்ட் பனியன் வாங்கப் போறீங்களா? காலடிப்பேட்டை வழியா போகலாம்

டிஸ்கி: தலைப்பைப் பார்த்துட்டு விளம்பரப் பதிவுன்னு ஓடிடாதீங்க. வரலாறுதான். கொஞ்சம் வேர்வை வாடை அடிக்கும், அவ்வளவுதான் :-)

சக பதிவர் ஒருத்தர் கேட்டார். "தல, மார்கழி பொறக்குது. காலையில அஞ்சு மணிக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஓட ஆரம்பிச்சிருக்கேன். ஜனவரியில கொடைக்கானல் பக்கம் ஒரு ட்ரெக்கிங் இருக்கு. ரெண்டுக்கும் சேர்த்து முழுக்கை டீ-ஷர்ட் ஒண்ணு வாங்கணும். காட்டனா, பாலியஸ்டரா?"

"பாலியஸ்டர்"னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாம். இணையத்துல எங்க தேடினாலும் அந்தப் பதில்தான் வரும். ஆனா கேட்டவருக்கு வீடு காலடிப்பேட்டைப் பக்கம். அந்த ஊர்ல இருந்துகிட்டு துணியைப் பத்திக் கேட்டா, பதில் முன்னூறு வருஷத்துக்கு நீளும். பொறுமை இருக்கிறவங்க மட்டும் கூட வாங்க.

காலடிப்பேட்டைன்னா ஏதோ சாமியோட காலடி பட்ட இடம்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. மெட்ரோ ஸ்டேஷன் பலகையிலயும் அப்படித்தான் எழுதியிருக்கு. உண்மையில அது காலட் பேட்டை. ஜோசப் காலட்னு ஒரு வெள்ளைக்காரர், 1717-லிருந்து 1720 வரைக்கும் மதராஸுக்கு கவர்னரா இருந்தவர். திருவொற்றியூர் பக்கத்துல நெசவாளிகளைக் கொண்டுவந்து குடியேத்தி, அவங்களுக்குன்னு ஒரு பேட்டையை உண்டாக்கினார். அங்க இருக்கிற கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலையும் அவர் காலத்தோடதான் சேர்த்துச் சொல்றாங்க. கோயில் கதை தனிப் பதிவுக்கு ஆகும், இப்ப வேணாம்.

கவர்னருக்கு நெசவாளி மேல என்ன அவ்வளவு பாசம்? பாசமெல்லாம் இல்லீங்க, சரக்குதான். 1639-ல பிரான்சிஸ் டே இந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்ததுக்கு அவரே சொன்ன முக்கியமான காரணம், இங்க துணி மத்த இடத்தைவிட நூத்துக்கு இருபது பங்கு மலிவுங்கிறது. துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். கயிறு போட்டுத் தைச்ச மசூலா படகுல மூட்டையை ஏத்தி, அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். இவ்வளவு கஷ்டப்பட்டாவது இங்கேயே கடை போட்டாங்கன்னா துணி அப்படி.

அந்தத் துணிக்குப் பேர் 'லாங் கிளாத்'. ஒரு பீஸ் முப்பத்தஞ்சு, நாப்பது கெஜ நீளத்துக்கு இருக்கும், அதனால அந்தப் பேர். தறியிலிருந்து இறங்கும்போது பழுப்பா, கோராவா இருக்கும். அதை வெளுக்கிறதுக்குத்தான் இன்னொரு பேட்டை. ஆமா, நம்ம வண்ணாரப்பேட்டையேதான். நல்ல தண்ணி, உவர்மண், வெயில், இதுக்கெல்லாம் மேல ஆளுங்களோட முதுகு. காலடிப்பேட்டையில நெய்யி, வண்ணாரப்பேட்டையில வெளு, கடற்கரையில படகுல ஏத்து. தொழிற்சாலைங்கிற பேச்சே இல்லாத காலத்துல வடசென்னை ஒரு பெரிய துணித் தொழிற்சாலையா நடந்துகிட்டிருந்தது.

இந்தத் துணியெல்லாம் யார் உடம்புக்குப் போச்சுங்கிறதுதான் எனக்கு சுவாரசியம். வெளுத்த லாங் கிளாத் இங்கிலாந்துல சட்டையாச்சு, உள்ளாடையாச்சு. பூப்போட்ட சீட்டித்துணியில அவங்க ஒரு தொளதொள முழுக்கை அங்கி தைச்சுக்கிட்டாங்க. வீட்டுல ஹாயா இருக்கும்போது மாட்டிக்கிறது. 1666-ல சாமுவேல் பெப்பிஸ்னு ஒரு லண்டன் அதிகாரி, தன்னைப் படம் வரைய உட்கார்ந்தப்ப இந்திய அங்கி ஒண்ணை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கிட்டார்னா அதோட மவுசைப் பாத்துக்கங்க. பின்னாடி அந்த மாதிரி அங்கிக்கு விழுந்த பேர் என்ன தெரியுமா? பனியன்! குஜராத்தி வணிகர்களைக் குறிக்கிற 'வாணியோ'ங்கிற சொல் போர்ச்சுகீசியர் வாயில புகுந்து, ஆங்கிலேயர் வாயில உருண்டு, துணிக்குப் பேரா வந்து நின்னுது. இன்னிக்கு நாம கையில்லாத உள்சட்டையையும் பனியன்றோம், திருப்பூர்ல டீ-ஷர்ட் தைக்கிற இடத்தையும் பனியன் கம்பெனின்றோம். நண்பர் கேட்ட ஃபுல் ஹேண்ட் டீ-ஷர்ட்டை 'முழுக்கை பனியன்'னு சொன்னா யாரும் சிரிக்காதீங்க. முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி பனியன்னாலே முழுக்கைதான்.

இதுல ஒரு கொடுமையும் இருக்கு. காலட் இங்க நெசவாளிகளைக் குடியேத்தின அதே காலம், 1719. லண்டன்ல ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளிகளுக்கு வேலை போச்சு. இந்தியச் சீட்டி வந்து எங்க பொழப்பைக் கெடுத்துருச்சுன்னு தெருவுல இறங்கி, சீட்டி உடுத்தின பெண்களைத் துரத்தித் துரத்தி துணியைக் கிழிச்சாங்க, மேல மையும் திராவகமும் ஊத்தினாங்க. 1721-ல பார்லிமென்ட், வண்ணம் தீட்டின, அச்சடிச்ச பருத்தித் துணியை உடுத்தவே கூடாதுன்னு சட்டம் போட்டுருச்சு. அங்க தறியில இருந்தவனும் பசியில, இங்க தறியில இருந்தவனும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு. நடுவுல கப்பல் வச்சிருந்தவன் மட்டும் சௌக்கியம்.

அடுத்த நூற்றாண்டுல கதை தலைகீழா திரும்பினது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். லங்காஷயர் மில் துணி கப்பல் கப்பலா இங்க வந்து இறங்குச்சு. அதுக்கும் பேர் லாங் கிளாத்! நம்ம பேரையே ஒட்டி நமக்கே வித்தான்.

அப்புறம் பின்னி கம்பெனியோட பக்கிங்ஹாம் மில்லும் கர்நாடிக் மில்லும். 1870-களின் கடைசியிலயும் 1880-களின் தொடக்கத்திலயும் பெரம்பூர் பக்கம் வந்து, 1920-ல ரெண்டும் ஒண்ணா சேர்ந்துச்சு. 1918 ஏப்ரல்ல வாடியாவும் திரு.வி.க.வும் மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சது இந்த மில் ஆளுங்களுக்காகத்தான். 1921 வேலை நிறுத்தம், துப்பாக்கிச் சூடு எல்லாம் அந்தப் பகுதி ரத்தத்துல இருக்கிற விஷயம். நம்ம மேட்டருக்கு வேண்டியது அந்த மில்லோட காக்கி டிரில். கெட்டி நெசவு, முள்ளு கிழிக்காது. ராணுவத்துக்கும் போலீஸுக்கும் போச்சு. காடு மலையெல்லாம் ஏறி இறங்கின முழுக்கைச் சட்டை அது. அந்தக் காலத்து ட்ரெக்கிங் உடுப்புன்னு வச்சுக்கங்களேன், என்ன, விருப்பப்பட்டு யாரும் ஏறல. 1996-ல மில்லை மூடிட்டாங்க.

இப்ப பாலியஸ்டருக்கு வருவோம். 1941-ல இங்கிலாந்துல வின்ஃபீல்டு, டிக்சன்னு ரெண்டு வேதியியல்காரங்க கண்டுபிடிச்சாங்க. அவங்க வேலை பார்த்த இடத்தோட பேரைக் கேட்டா ஆடிப்போயிடுவீங்க: காலிகோ பிரின்டர்ஸ் அசோசியேஷன். காலிகோன்னா கோழிக்கோட்டுத் துணி. நம்ம பருத்தித் துணியைப் பாத்து அச்சடிக்கக் கத்துக்கிட்டவங்க ஏற்படுத்தின சங்கத்துலதான் பருத்திக்கு எமன் பொறந்தான். டெரிலின்னு பேர் வச்சாங்க. அறுபது எழுபதுகள்ல நம்ம அப்பாமார் கல்யாணத்துக்கு டெர்லின் சட்டைன்னு பீத்திக்கிட்டது இதைத்தான். அயர்ன் பண்ண வேணாம், கசங்காது, பீரோவுல வச்சா பத்து வருஷம் அப்படியே இருக்கும். 1969-ல பர்மாவிலிருந்து திரும்பினவங்களுக்காக ராஜாஜி சாலையில பர்மா பஜார் வந்தப்புறம் 'ஃபாரின் துணி' கேட்டு ராயபுரத்துலேர்ந்து நடந்தே போய் வாங்கினவங்க உண்டு. வேர்வையில முதுகோட ஒட்டிக்கிட்டு அவஸ்தைப்பட்டாலும் ஸ்டைலை விடல.

அதே பாலியஸ்டர் எப்படி விளையாட்டுத் துணியாச்சு? பருத்தி நார் காத்துல சும்மா இருக்கும்போதே தன் எடையில சுமார் 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வச்சுக்கும். கம்பளி 16 சதவீதம். பாலியஸ்டர் வெறும் 0.4. தண்ணியை உள்ள விடாத நாரை மெல்லிசா, வாய்க்கால் வாய்க்காலா செஞ்சு பின்னினா, வேர்வை நாருக்குள்ள போகாம நாரு மேலயே ஓடி வெளிப்பக்கம் வந்துரும், அங்க காஞ்சுரும். 1970-கள்ல நார்வேயில ஹெல்லி ஹான்சன் கம்பெனி பாலிப்ரோப்பிலின் நாருல இந்த மாதிரி உள்சட்டை போட்டாங்க. 1996-ல அமெரிக்காவுல கெவின் பிளாங்க்னு ஒரு முன்னாள் கால்பந்து ஆட்டக்காரர், ஜெர்சிக்குள்ள காட்டன் டீ-ஷர்ட் ஊறிப்போய் கனக்குதேன்னு கடுப்பாகி அண்டர் ஆர்மர் ஆரம்பிச்சார். மலையேறுறவங்க நடுவுல 'காட்டன் கொல்லும்'னு ஒரு வசனமே உருவாச்சு. ஈரமான பருத்தியோட பனிக்காத்துல நின்னா உடம்புச் சூடு இறங்கி ஆள் காலியாகலாம், அதனால அந்த வசனம் நிஜம்தான். நார்வேயில.

இங்கதான் எனக்கு ஒரு இடறல். எண்ணூர்-மணலி பக்கம் வேலை செய்றவங்களைக் கேளுங்க, நேர்மாறா சொல்வாங்க. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-ல ஓட ஆரம்பிச்சது. அந்த மாதிரி எண்ணெய், எரிவாயு இருக்கிற இடங்கள்ல பொதுவா பாலியஸ்டர் போட்டுக்கிட்டு உள்ள போகக்கூடாது. காட்டன் முழுக்கை, இல்லைன்னா தீப்பிடிக்காத துணி. ஏன்னா பாலியஸ்டர் சுமார் 250 டிகிரிக்கு மேல போனா உருகும், உருகித் தோலோட ஒட்டிக்கும். உரசினா மின்பொறியும் கிளம்பலாம். ஆக மலையில காட்டன் கொல்லும், மணலியில பாலியஸ்டர் கொல்லும். ரெண்டு பேரும் பொய் சொல்லல. துணி ஒண்ணுதான், காத்து வேற.

நம்ம ஊர்ல நெஞ்ச துணியெல்லாம் எப்பவும் வேற யாரோட வானிலைக்கோ நெஞ்சது. இப்ப வேற வானிலைக்குச் செஞ்ச துணியை நாம வாங்குறோம். அதனால பிராண்டைப் பாக்கிறதுக்கு முன்னாடி காத்தைப் பாருங்க.

சென்னை மார்கழிக்குக் 'குளிர்'னு பேரு, சரி. ஆனா ஜனவரி விடியல்ல சராசரியா 21 டிகிரிதான். ஈரப்பதம் எண்பதுக்கு மேல. காத்தே ஏற்கனவே தண்ணி குடிச்சு வயிறு நிறைஞ்சு நிக்குது, உங்க வேர்வையை எங்க வாங்கிக்கும்? இங்க எந்த மந்திரத் துணியும் நார்வே மாதிரி காயாது. பாலியஸ்டர் போட்டா ஒரே லாபம், கனக்காது, தொடைக்கும் அக்குளுக்கும் உரசல் கம்மி. அதனால இங்க பாக்க வேண்டியது மெல்லிசும் தொளதொளப்பும். 130-லிருந்து 150 ஜிஎஸ்எம்முக்குள்ள இருக்கட்டும். உடம்பைக் கவ்வுறது வேணாம், அந்தக் காலத்து பனியன் அங்கியை நினைச்சுக்கங்க. கை, கழுத்திலிருந்தே சாய்வா இறங்குற தையல்னா தோள்ல தேய்க்காது. கண்டெய்னர் லாரி ஓடுற ரோட்டுல முழுக்கை குளிருக்கு இல்ல, தூசிக்கும் கொசுவுக்கும்தான். காசிமேட்டுல வலை இழுக்கிறவங்க பழைய முழுக்கைச் சட்டையை வெயிலுக்குப் போடுற மாதிரி. இருட்டுல ஓடுறதால கருப்பு, நீலம் மட்டும் வேணாம், லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியணும்.

கொடைக்கானல் வேற கதை. உயரம் ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல, ஜனவரி ராத்திரி எட்டு டிகிரி சாதாரணம். ஏறும்போது வேர்க்கும், உச்சியில நின்னதும் காத்து அடிக்கும். ஊறின காட்டன் வெடவெடன்னு நடுங்க வைக்கிறது அந்த நிமிஷத்துலதான். அங்க பாலியஸ்டர் உள்ள, மேல ஒரு கம்பளியோ ஃப்ளீஸோ, அதுக்கு மேல காத்து புகாத ஒண்ணு. இது புதுசும் இல்ல. 1924-ல எவரெஸ்ட்ல காணாமப் போன மாலரியோட உடம்பு 1999-ல கிடைச்சப்ப, பட்டு, பருத்தி, கம்பளின்னு மெல்லிசு மெல்லிசா அடுக்கடுக்காதான் போட்டிருந்தார். அதே மாதிரி தைச்சு 2006-ல எவரெஸ்ட் சரிவுல போட்டுப் பாத்தவங்க நல்லாவே இருக்குன்னாங்க.

ஆக நண்பருக்குப் பதில்: ஒண்ணு போதாது, ரெண்டா வாங்குங்க. ஒண்ணு போட்டுக்க, ஒண்ணு பையில காஞ்சதா இருக்க. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல கிடைக்கும், பேரம் பேசலாம். துணியைக் கையில கசக்கிப் பாருங்க, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஓட்டை தெரியுதான்னு பாருங்க, உள்ள தைச்சிருக்கிற சீட்டுல எத்தனை சதவீதம் எதுன்னு படிங்க. துவைக்கும்போது மணக்குறதுக்கும் மிருதுவுக்கும் ஊத்துற லிக்விடைச் சேர்க்காதீங்க, அது நார் மேல படிஞ்சு வேர்வை ஓடுற வழியை அடைச்சுடும். பாலியஸ்டர் நாத்தத்தை விடாம பிடிச்சு வச்சுக்கும், அதனால ஓடி முடிச்சதும் உடனே அலசிப் போட்டுடுங்க. ட்ரெக்கிங்ல ராத்திரி தீ மூட்டினாங்கன்னா மட்டும் அதைக் கழட்டிட்டு காட்டன் சட்டைக்கு மாறிட்டு பக்கத்துல போய் உட்காருங்க.