கியூஷுவின் மின்சாரம்: நிலக்கரி முதல் வெயில் வரை

ஜப்பானின் மின்சார வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு வரிசையைச் சொல்வார்கள்: முதலில் நீர்மின்சாரம், 1960களின் தொடக்கத்திலிருந்து அனல், எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அணு, 2011க்குப் பிறகு சூரியன். நாட்டை மொத்தமாகப் பார்த்தால் இந்த வரிசை பொருந்துகிறது. தென்மேற்கிலுள்ள கியூஷு தீவை மட்டும் எடுத்துக்கொண்டால் பொருந்துவதில்லை. அங்கே தொடக்கத்திலிருந்தே அனல்மின்சாரத்தின் கை ஓங்கியிருந்தது. காரணம், காலடியிலேயே நிலக்கரி கிடந்தது. நாட்டின் மிகப்பெரிய புவிவெப்ப மின் நிலையம் அங்கே எழுந்தது. அணுமின்சாரமும் சூரிய மின்சாரமும் ஒரே கம்பியில் இடம் கேட்டு மோதிக்கொண்டதும் ஜப்பானின் பெருந்தீவுகளில் முதலில் அங்கேதான்.

அந்த மோதல் சூரியத் தகடுகள் திடீரெனப் பெருகியதால் வந்த தொழில்நுட்பச் சிக்கல் என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. இக்கட்டுரை அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. 1951இல் வகுக்கப்பட்ட எல்லைகளும், அணுவுலைகளுக்காக மலைகளில் வெட்டப்பட்ட நீர்த்தேக்கங்களும், எந்த மின்சாரத்தை முதலில் நிறுத்துவது என்று எழுதிவைக்கப்பட்ட விதிகளும் சேர்ந்தே அதற்கு வழி செய்தன. கியூஷு மின்சக்தி நிறுவனத்தின் ஆற்றல் மூலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து சென்றால் இது தெளிவாகும்.

அருவியும் சுரங்கமும்

ககோஷிமா மாவட்டத்தின் வடக்கே, சென்டாய் ஆற்றின் மேற்பகுதியில் சோகி அருவி இருக்கிறது. உயரம் அதிகமில்லை, 12 மீட்டர்தான். அகலமோ 200 மீட்டருக்கு மேல். நொகுச்சி ஷிதகாவு என்ற மின்பொறியாளர் 1906இல் இங்கே ஒரு மின் நிறுவனம் தொடங்கினார். அருகிலிருந்த தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் தருவது முதல் நோக்கம். சுரங்கம் வாங்கியது போக மின்சாரம் மிஞ்சியது. அதைப் பயன்படுத்தவே கடற்கரை ஊரான மினமாட்டாவில் கார்பைடு ஆலை கட்டப்பட்டது. 1908இல் அது நைட்ரஜன் உர நிறுவனமாக வளர்ந்தது. பின்னாளில் சிஸ்ஸோ என்று பெயர் பெற்று, பாதரசக் கழிவைக் கடலில் விட்டு ஒரு வட்டாரத்தையே நோயில் தள்ளியது அந்த ஆலைதான். கியூஷுவில் மின்சாரமும் வேதித்தொழிலும் சேர்ந்து பிறந்தவை. மினமாட்டா நோயின் வரலாற்றை ஆலை வாசலில் தொடங்குகிறவர்கள் இந்த அருவியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சோகியின் இரண்டாம் மின் நிலையம் 1909இல் செங்கல்லால் கட்டப்பட்டது. 1960களில் கீழே சுருதா அணை எழுந்தபோது அது நீரில் மூழ்கியது. மழைக்கால வெள்ளத்தைத் தாங்குவதற்காக அணையின் நீர்மட்டத்தைக் கோடையில் இறக்குவார்கள். அந்த மாதங்களில் கூரையற்ற செங்கற்சுவர்களும் வளைவுச் சன்னல்களும் வெளியே வரும். குளிர்காலத்தில் மறுபடி மூழ்கிவிடும்.

இப்படி ஆற்றோரங்களில் சிறு நிறுவனங்கள் முளைத்தாலும், தீவின் வடக்கே கதை வேறு. சிகுஹோவும் மீயிகேயும் ஜப்பானின் முதன்மையான நிலக்கரி வயல்கள். 1901இல் இயங்கத் தொடங்கிய யஹாட்டா இரும்பாலை அந்த நிலக்கரியை நம்பி எழுந்தது. விற்பனைக்கு ஆகாத மட்டமான நிலக்கரியைச் சுரங்கத்தின் பக்கத்திலேயே எரித்து மின்சாரமாக்குவது லாபமாக இருந்தது. மத்திய ஜப்பானின் மலை மாவட்டங்களைப்போல நீரை முதன்மையாகவும் அனலைத் துணையாகவும் கொள்ளும் ஏற்பாடு இங்கே ஆழமாக வேர்விடாததற்கு இதுவே காரணம்.

1951: கோடு கிழித்த ஆண்டு

மத்சுநாகா யசுசாயமோன் 1875இல் நாகசாகி மாவட்டத்தைச் சேர்ந்த இகி தீவில் பிறந்தவர். ஃபுகுவோகாவில் டிராம் ஓட்டும் தொழிலில் நுழைந்து, கியூஷுவின் மின் நிறுவனங்களை ஒன்றோடொன்று இணைத்து, 1920களில் நாட்டின் பெரிய மின் நிறுவனங்களில் ஒன்றான தோஹோவை நடத்தியவர். போர்க்காலத்தில் அரசு மின்சாரத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. 1939இல் உற்பத்திக்கும் மின்கடத்தலுக்கும் நாடு தழுவிய ஒரே நிறுவனம். 1942இல் விநியோகத்துக்கு ஒன்பது வட்டார நிறுவனங்கள். இந்த ஏற்பாட்டைக் கடைசிவரை எதிர்த்த மத்சுநாகா தொழிலிலிருந்து விலகிக்கொண்டார்.

போர் முடிந்து, மின்துறையைச் சீரமைக்க 1949இல் அமைந்த குழுவுக்கு அவரே தலைவரானார். அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. உற்பத்தி, கடத்தல், விநியோகம் மூன்றையும் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரே தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்றார் அவர். குழுவில் பெரும்பான்மையோர் உடன்படவில்லை. இறுதியில் நேசநாட்டு ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் ஆதரவோடு அவருடைய திட்டமே வென்றது. 1951 மே 1 அன்று ஒன்பது நிறுவனங்கள் பிறந்தன. கியூஷு மின்சக்தி நிறுவனம் அவற்றில் ஒன்று. ஜப்பானியர் சுருக்கமாகக் 'கியூடென்' என்பார்கள். அதே ஆண்டு மின்கட்டணத்தைக் கணிசமாக உயர்த்த வைத்த மத்சுநாகாவை மக்கள் 'மின்சாரப் பேய்' என்று திட்டினார்கள். பிற்காலத்தில் அதுவே அவருக்குப் பட்டப்பெயராக நிலைத்தது.

வட்டாரத்தின் தேவையை வட்டாரமே பார்த்துக்கொள்ளும் என்பது இந்த அமைப்பின் அடிப்படை. ஆகவே பக்கத்து நிறுவனங்களோடு இணைக்கும் மின்பாதைகள் அவசரத்துக்கு உதவும் அளவில் இருந்தால் போதும் என்று கருதப்பட்டது. ஹோன்ஷூவிலிருந்து கியூஷுவைப் பிரிக்கும் கன்மோன் நீரிணையைக் கடக்கும் மின்பாதை எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர்தான் கூர்மையானது.

கரீத்தாவும் காமிஷீபாவும்

புதிய நிறுவனம் பற்றாக்குறையோடு தொடங்கியது. ஒரே நேரத்தில் இரண்டு பெரிய வேலைகளில் இறங்கியது. ஒன்று, வடகிழக்குக் கரையில் கரீத்தா அனல்மின் நிலையம். உலக வங்கி ஜப்பானுக்கு முதன்முதலாகக் கடன் தந்தது 1953இல். மூன்று அனல்மின் நிலையங்களுக்கான அந்தக் கடனில் கரீத்தாவும் அடக்கம். சிகுஹோ நிலக்கரியை எரிக்க அமெரிக்க இயந்திரங்கள் கப்பலில் வந்திறங்கின.

மற்றொன்று, மியாசாகி மலைகளுக்குள் ஷீபா கிராமத்தில் மிமி ஆற்றின் குறுக்கே எழுந்த காமிஷீபா அணை. 1955இல் முடிந்த இந்த 110 மீட்டர் வளைவணை, ஜப்பானின் முதல் பெரிய வளைவணை. நூறு பேருக்கு மேல் இந்த வேலையில் உயிரிழந்தார்கள். அணை தேக்கிய ஏரிக்குப் பெயர் வைத்தவர் வரலாற்று நாவலாசிரியர் யொஷிகாவா எய்ஜி. சாலையே சரியாக இல்லாத மலைக்கிராமம் அது. அதன் வயலும் வீடும் தண்ணீருக்குள் போயின. மின்சாரம் வடக்கின் ஆலைகளுக்குப் போனது. எடுக்கும் இடம் ஒன்று, பயன்படுத்தும் இடம் வேறு என்ற இந்த அமைப்பு கியூடெனின் வரலாற்றில் மூலம் மாறிய ஒவ்வொரு முறையும் தொடர்ந்தது.

நிலக்கரியின் காலம் விரைவில் சரிந்தது. இறக்குமதி எண்ணெய் விலை குறைந்தது. 1959-60இல் மீயிகேயில் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த நெடிய வேலைநிறுத்தம் தொழிலாளர் தோல்வியில் முடிந்தது. 1963 நவம்பரில் அதே சுரங்கத்தில் நிலக்கரித் தூசி வெடித்து 458 பேர் இறந்தார்கள். மீயிகே 1997இல் மூடப்பட்டது. 2001இல் நாகசாகியின் இகெஷிமா சுரங்கமும் மூடப்பட்டதோடு கியூஷுவில் நிலக்கரி வெட்டுவது நின்றது. நிலக்கரியை எரிப்பது மட்டும் நிற்கவில்லை. மட்சுவூரா, ரெய்ஹோக்கு போன்ற கடற்கரை நிலையங்களுக்குக் கடல்கடந்து வந்தது நிலக்கரி. எண்ணெய்க்கும் பின்னர் திரவ இயற்கை எரிவாயுவுக்கும் தனித்தனி நிலையங்கள் வந்தன.

நிலத்தடி நீராவி

எண்ணெய் மலிவாக இருந்த காலத்திலேயே கியூடென் பொறியாளர்கள் ஓய்டா மாவட்டத்தின் குஜூ எரிமலை வட்டாரத்தில் துளையிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜப்பானின் முதல் புவிவெப்ப நிலையம் வடக்கே இவாத்தே மாவட்டத்தின் மத்சுகாவாவில் 1966இல் தொடங்கியது. அங்கே நிலத்தடியிலிருந்து வந்தது பெரும்பாலும் உலர்ந்த நீராவி. நேரே சுழலிக்கு அனுப்பலாம். குஜூவில் நீராவியும் கொதிநீரும் கலந்து வந்தன. கொதிநீர்த் துளி சுழலிக்குள் போனால் இறக்கைகள் அரித்துப்போகும். எனவே கிணற்றிலிருந்து வரும் கலவையைப் பிரிகலன் ஒன்றில் சுழலவிட்டு, நீராவியை மட்டும் மேலே எடுக்கும் முறையோடு 1967 ஆகஸ்டில் ஓத்தாகே நிலையம் இயங்கத் தொடங்கியது.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஹச்சோபாருவில் அடுத்த படி ஏறினார்கள். பிரித்தெடுத்த கொதிநீரில் இன்னும் வெப்பம் நிறைய இருக்கிறது. அதை அழுத்தம் குறைந்த இன்னொரு கலனுக்குள் விட்டால் அதில் ஒரு பகுதி மறுபடி நீராவியாகிறது. அந்த இரண்டாம் நீராவியும் அதே சுழலிக்கு, குறைந்த அழுத்தப் பக்கமாகச் செல்கிறது. எஞ்சிய நீர் கிணறுகள் வழியே நிலத்துக்குள் திரும்பிப் போகிறது. 1977இல் ஒன்றும் 1990இல் ஒன்றுமாக வந்த இரு அலகுகளும் தலா 55 மெகாவாட். சேர்த்து 110 மெகாவாட்டோடு ஜப்பானின் மிகப்பெரிய புவிவெப்ப நிலையம் இதுவே.

எரிமலைகள் நிறைந்த தீவில், இரவு பகல் பாராமல் சீராக வரும் இந்த மின்சாரம் இதற்குமேல் ஏன் வளரவில்லை? வெப்பம் உள்ள இடங்களில் பல தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கின்றன. வெந்நீர் ஊற்றுகளை நம்பி வாழும் விடுதிக்காரர்களுக்குத் தங்கள் ஊற்று வற்றிவிடுமோ என்ற அச்சம். துளையிட்டுப் பார்க்கவே பல ஆண்டுகளும் பெரும்பணமும் தேவை. இவற்றோடு, அரசின் பணமும் கவனமும் வேறு பக்கம் திரும்பிவிட்டன. கியூடெனின் புவிவெப்ப நிலையங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் 200 மெகாவாட்டைச் சற்றே தாண்டும். ஓர் அணுவுலையின் திறனில் அது கால்பங்குகூட வராத அளவு. கியூஷு தவறவிட்ட பெரிய வாய்ப்பு இது என்றே கருதுகிறேன்.

அணுவுலையும் மலைமேல் நீரும்

கவனம் திரும்பிய பக்கம் அணு. சாகா மாவட்டத்தின் கென்காயில் 1975 அக்டோபரில் முதல் உலை வணிக உற்பத்தியைத் தொடங்கியது. 1997க்குள் அங்கே நான்கு உலைகள். ககோஷிமாவின் சென்டாயில் 1984, 1985 ஆண்டுகளில் இரண்டு. (வடக்கே தோஹோக்கு வட்டாரத்திலுள்ள சென்டாய் நகரம் வேறு.) 2011க்கு முன் கியூடெனின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்த ஆறு உலைகளிலிருந்து வந்தது. புளூட்டோனியம் கலந்த எரிபொருளை ஜப்பானில் முதன்முதலாக வணிக உற்பத்திக்குப் பயன்படுத்தியதும் கென்காயின் மூன்றாம் உலையே, அது 2009இல்.

அணுவுலையை இரவில் தணித்துப் பகலில் ஏற்றும் வழக்கம் ஜப்பானில் இல்லை. இரவில் தேவை குறையும்போது மிஞ்சும் மின்சாரத்தை எங்கே வைப்பது? மலைமேல் ஒரு நீர்த்தேக்கம், அடிவாரத்தில் ஒன்று. இரவில் கீழிருந்து மேலே நீரை ஏற்றி, பகலின் உச்சத்தேவை நேரத்தில் கீழே விட்டுச் சுழலியை ஓட்டுவது. ஓஹிராவில் 500 மெகாவாட் (1975), தென்சானில் 600 (1986), ஓமாருகாவாவில் 1200 (2007 தொடங்கி 2011 வரை) என மூன்று நீரேற்று மின் நிலையங்களைக் கியூடென் கட்டியது. மொத்தம் 2300 மெகாவாட். வெயில் காயும் நடுப்பகலில் இவை நீரை மேலேற்றும் என்று திட்டமிட்டவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

2011க்குப் பின்

ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் மீண்டும் உலைகளைத் தொடங்கும் பேச்சு முதலில் கென்காயில்தான் எழுந்தது. 2011 ஜூனில் அரசு நடத்திய விளக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு, சாதாரணக் குடிமக்களைப்போல ஆதரவு மின்னஞ்சல் அனுப்பும்படி ஊழியர்களையும் துணை நிறுவனங்களையும் கியூடென் தூண்டியது அம்பலமானது. அதனால் போன நம்பிக்கை எளிதில் திரும்பவில்லை. அந்த டிசம்பரோடு ஆறு உலைகளும் நின்றன. எரிவாயு, எண்ணெய்ச் செலவு ஏறி, 2013 மே மாதம் வீட்டு மின்கட்டணமும் உயர்ந்தது.

இதற்கிடையே 2012 ஜூலையில், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை நிர்ணயித்த விலைக்கு வாங்கியே ஆக வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. 10 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள சூரிய மின் அமைப்புகளுக்கு யூனிட்டுக்கு 40 யென், 20 ஆண்டுகளுக்கு. கியூஷுவில் வெயிலும் உண்டு, மலிவான நிலமும் உண்டு. விலை குறையவிருந்த 2014 மார்ச்சில் மட்டும் சுமார் 70,000 இணைப்பு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் கியூடென் புதிய விண்ணப்பங்களுக்குப் பதிலளிப்பதையே நிறுத்திவைத்தது. வேறு சில வட்டார நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 2015 ஜனவரியில் விதி மாறியது: புதிதாக இணைவோரின் உற்பத்தியை, ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்ற வரம்பும் இழப்பீடும் இல்லாமல் நிறுத்தச் சொல்லலாம்.

2015 ஆகஸ்ட் 11 அன்று சென்டாய் முதல் உலை மறுபடி இயங்கியது. புதிய பாதுகாப்பு விதிகளின்கீழ் ஜப்பானில் தொடங்கிய முதல் உலை அது. 2018 கோடைக்குள் சென்டாயின் இரண்டாம் உலையும் கென்காயின் இரண்டு உலைகளும் சேர்ந்து, நான்கு உலைகள், 4140 மெகாவாட். சூரியத் தகடுகளோ அதற்குள் 8000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தன.

2018 அக்டோபர் 13, சனிக்கிழமை. வானம் தெளிவு, குளிரூட்டி தேவைப்படாத இதமான நாள், விடுமுறையால் ஆலைத்தேவையும் குறைவு. விதிப்படி முதலில் அனல் நிலையங்கள் தணிக்கப்பட்டன. நீரேற்று நிலையங்கள் பகலிலேயே நீரை மேலேற்றின. கன்மோன் பாதை வழியே இயன்றவரை வெளியே அனுப்பினார்கள். அப்படியும் மிஞ்சியது. அடுத்து வரிசையில் இருந்தது சூரியன். சுமார் 430 மெகாவாட் அளவுக்குச் சூரிய மின் நிலையங்கள் நிறுத்தப்பட்டன. தனித்தீவான தனேகாஷிமாவில் 2015இலேயே இப்படி நடந்திருந்தாலும், பெருந்தீவு ஒன்றில் இதுவே முதல்முறை. அணு, ஆற்றுநீர், புவிவெப்பம் மூன்றும் 'நீண்டகால நிலையான மூலங்கள்' என்ற வகையில் கடைசியாகத் தொட வேண்டியவை; எனவே நான்கு உலைகளும் தொடர்ந்து ஓடின.

உலையை நாளுக்கு நாள் ஏற்றி இறக்குவது கடினம் என்பது நிறுவனத்தின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் தேவை குறையும் என்பது ஆண்டுதோறும் தெரிந்ததே. பராமரிப்புக்காக உலைகளை நிறுத்தும் மாதங்களை அதற்கேற்ப வகுப்பது பொறியியல் வரம்புக்குள் வரும் செயல்தான். நீரிணை மின்பாதையை முன்கூட்டியே வலுப்படுத்துவதும் அப்படியே. இவை நடக்காததற்குக் காரணம், வட்டாரம் தனக்குத்தானே போதும் என்ற 1951இன் எண்ணமும், அணுமின்சாரத்தை அடித்தளமாக வைத்த 1970களின் எண்ணமும் விதிகளாக உறைந்துவிட்டிருந்ததே.

2020இல் மின்கடத்தலும் விநியோகமும் சட்டப்படி தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டன. அந்த நிறுவனமும் கியூடெனின் முழுத் துணை நிறுவனமே. 2023 நவம்பரில், சென்டாயின் இரண்டு உலைகளும் நாற்பது ஆண்டுக்குப் பிறகு மேலும் இருபது ஆண்டுகள் இயங்க ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி அளித்தது. அந்த அனுமதியின்படி அவை 2040களின் நடுப்பகுதிவரை ஓடலாம். நிறுத்தும் வரிசையை மறுபரிசீலனை செய்யாமல் கியூஷுவின் கூரைகளில் இன்னும் தகடுகளைப் பரப்புவதால் அந்தத் தீவுக்கு முழுப்பயன் கிடைக்கப்போவதில்லை.