மூலை கிழிந்த படங்கள்

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கிளமென்டினா ஹாவர்டன் சீமாட்டி எடுத்த ஒளிப்படங்கள் ஏறத்தாழ 775 இருக்கின்றன. அவற்றுள் பலவற்றுக்கு மூலைகள் இல்லை. 1939இல் அவருடைய பேத்தி அவற்றை நன்கொடையாக அளிப்பதற்கு முன்பே, குடும்ப ஆல்பங்களிலிருந்து அவை பிய்த்தெடுக்கப்பட்டிருந்தன. எந்தப் படத்தை அடுத்து எந்தப் படம் ஒட்டப்பட்டிருந்தது என்ற வரிசையும் அத்தோடு போயிற்று.

ஹாவர்டன் 1822இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1857 வாக்கில் அயர்லாந்தில் உள்ள கணவரின் பண்ணைத் தோட்டத்தில் படமெடுக்கத் தொடங்கினார். 1859இல் லண்டனின் தெற்குக் கென்சிங்டனுக்குக் குடிபெயர்ந்த பிறகு, வீட்டின் முதல் மாடி அறைகளே அவருடைய படக்கூடமாயின. வளர்ந்துவந்த மகள்களே மாதிரிகள். ஒருத்தி சன்னல் சட்டத்தில் சாய்ந்திருப்பாள். இன்னொருத்தி நிலைக்கண்ணாடிமுன் நிற்பாள். சுவரில் நட்சத்திரம் பொறித்த காகிதம். அறைகலன்கள் மிகக் குறைவு. அவ்வளவுதான். 1863, 1864 ஆண்டுகளில் லண்டன் ஒளிப்படச் சங்கக் கண்காட்சிகளில் இப்படங்கள் பதக்கம் பெற்றன. 'வாழ்விலிருந்து வரைந்த பயிற்சிகள்' என்ற பொருள்படும் பொதுத்தலைப்பே அவற்றுக்கு இருந்தது. மகள்களின் பெயர் தலைப்பில் இல்லை.

பெயர் சுட்டாமை நம் அகப்பாடல்களுக்கும் உரிய மரபு. ஆனால் அங்கே தலைவியின் மனத்தைச் சொல்லத் தோழி இருக்கிறாள். திணையும் துறையும் வகுத்துத்தரப் பின்வந்தோர் இருக்கிறார்கள். இங்கே அப்படி எவரும் இல்லை. ஹாவர்டன் தம் கலையைப் பற்றி விளக்கம் எதுவும் விட்டுச்செல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் விமர்சகர்கள் குடியேறினார்கள். கரோல் மேவர் 1999இல் எழுதிய நூலில் இப்படங்களில் பருவமெய்தும் பெண்களின் வேட்கையை வாசித்தார். வேறு சிலர் வீட்டுக்குள் அடைபட்ட விக்டோரியப் பெண்ணின் ஏக்கத்தைக் கண்டார்கள். முதன்முறை பார்த்தபோது நானும் அப்படித்தான் கண்டேன். சன்னலோரப் பெண் என்றாலே காத்திருப்பவள் என்று கொள்வது இலக்கியம் படித்தவர்களுக்குத் தொற்றிக்கொள்ளும் நோய்.

பிறகுதான் அக்காலத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் படித்தேன். அது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். வீட்டினுள் ஒரு படத்துக்குச் சில நொடிகளாவது அசையாது நிற்க வேண்டும். சாய்ந்து நிற்பது, தலையைக் கைமேல் தாங்குவது, பார்வையைத் தாழ்த்துவது எல்லாம் அசையாதிருக்க உதவும் வழிகள். வெளிச்சம் சன்னலிலிருந்து மட்டுமே வந்ததால் எல்லோரும் சன்னலுக்கே வந்தாக வேண்டும். நான் ஏக்கம் என்று வாசித்ததில் ஒரு பங்கு வேதியியல்!

எல்லாமே வேதியியல் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அக்காலப் படக்கூடங்களில் வழக்கமாயிருந்த தூண்களையும் தீட்டிய திரைகளையும் அவர் நாடவில்லை. நம்மை நோக்கி முதுகு காட்டும் பெண்ணின் முகத்தைக் கண்ணாடியில் மட்டும் காட்டுவதற்கு எந்த மருந்தும் கட்டாயப்படுத்தவில்லை. அது தாய் எடுத்த முடிவு. மகள்களும் வெறும் பொம்மைகளாய் நிற்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆணுடை அணிந்தும், பழங்கால உடை உடுத்தும் ஒருவருக்கொருவர் எதிரே நின்று நடிக்கும் படங்கள் பல. அடைபட்டவர்கள் என்று அவர்களுக்காக இரங்கும்போது அந்த விளையாட்டை நாம் பறித்துவிடுகிறோம்.

1865 சனவரியில், 42ஆம் வயதில், நிமோனியா காய்ச்சலில் ஹாவர்டன் இறந்தார். மாடி முகப்பில் எடுத்த சில படங்களில், கைப்பிடிக்கு அப்பால் எதிர்வரிசை வீடுகள் வெளிறி, ஏறக்குறைய கரைந்துபோயிருக்கின்றன. மகளின் உடைமடிப்பு தெரிய வேண்டிய அளவுக்கு ஒளியை விட்டால், லண்டன் அப்படித்தான் கரையும்.