கழுத்துக் கழலையும் குன்னூர் ஆய்வகமும்

குன்னூரைத் தேயிலைக்காகவும் மலை ரயிலுக்காகவும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். தைராய்டு சுரப்பியை மனிதன் புரிந்துகொண்ட கதையிலும் அவ்வூருக்குத் தொடர்பு உண்டு. கழலை நோயை ஆராய்ந்த இருவர் இம்மலையில் பணிபுரிந்தவர்கள். ஒருவர் அந்த ஆய்வில் ஈடுபட்ட பின் இங்கு வந்தார். மற்றவர் இங்கிருந்து சென்று அதைத் தொடங்கினார்.

முதலாமவர் ராபர்ட் மெக்காரிசன். 1901இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த அவர், வடமேற்கே கில்கித் பகுதியில், ஒரே ஓடையின் நீரைக் குடிக்கும் ஊர்களைக் கவனித்தார். ஓடை கீழே இறங்க இறங்க, கழுத்து வீங்கியவர்களின் எண்ணிக்கை கூடியது. அந்நீரின் வண்டலைத் தாமே குடித்தார். முன்வந்த பிறருக்கும் கொடுத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. நீரில் வரும் கிருமியே காரணம் என்று முடிவு கட்டினார். அந்த முடிவு நிலைக்கவில்லை. தைராய்டு பற்றி 1917இல் நூல் வெளியிட்ட அவர், 1918இல் குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அதுவே 1928இல் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

இரண்டாமவர் வி. ராமலிங்கசாமி. 1940களின் இறுதியில் அதே குன்னூர் ஆய்வகத்தில் நோய்க்கூற்றியலாளராகச் சேர்ந்தவர். பின்னர் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில், 1956இல் தொடங்கிய ஆய்வில் சகாக்களோடு ஈடுபட்டார். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தனர். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் சென்றன. 1962இல் பார்த்தபோது, அயோடின் சென்ற பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்திருந்தது. அதே ஆண்டு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டமும் பிறந்தது.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது சுரப்பியின் அயோடின் பசியை. தைராய்டு தன் ஹார்மோனைச் செய்ய அயோடினை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. அது போதாதபோது வீங்கிப் பெருக்கிறது, அதுவே கழலை. தைராய்டுப் புற்றுநோயின் பெரும்பாலான வகைகளும் இப்பசியை ஓரளவு தக்கவைத்துக்கொள்கின்றன. 1946இல் நியூயார்க்கில் சாமுவேல் சைட்லின் குழுவினர் வெளியிட்ட அறிக்கை இதைப் பயன்படுத்தியது. உடலெங்கும் பரவிய தைராய்டுப் புற்றுக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கப்பட்டது. புற்றணுக்கள் அதை உணவென்று ஏற்று அழிந்தன. இன்றும் எட்டு நாள் அரை ஆயுள் கொண்ட அயோடின் 131 அவ்வழியே செயல்படுகிறது. அயோடினை ஏற்காத மெடுல்லரி, அனாபிளாஸ்டிக் வகைகளுக்கு இம்மருந்து உதவாது.

ஆனால் கழுத்துக் கட்டியெல்லாம் புற்றன்று. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை தீங்கற்றவை. அல்ட்ராசவுண்டு பரிசோதனையில் ஐயம் எழுந்தால் மெல்லிய ஊசியால் அணுக்களை உறிஞ்சி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மிகுதியாகக் காணப்படும் பாப்பில்லரி வகையை அணுக்கருக்களின் தோற்றமே காட்டிக்கொடுக்கும். ஃபாலிக்குலர் வகை அப்படியன்று. கட்டியின் உறையை அணுக்கள் துளைத்திருக்கின்றனவா என்பதை அறுவைக்குப் பின்னரே அறிய இயலும். அயோடின் குறைந்த நிலப்பகுதிகளில் ஃபாலிக்குலர் வகையின் பங்கு கூடுதலாக இருப்பதும், உப்பில் அயோடின் சேர்ந்தபின் பாப்பில்லரியின் பங்கு கூடுவதும் மருத்துவ வரலாற்றின் கவனிக்கத்தக்க செய்திகள்.

சிகிச்சையின் முதற்படி பெரும்பாலும் அறுவை. சுவிட்சர்லாந்தின் கோக்கர் இக்கலையைச் செம்மைப்படுத்தி 1909இல் நோபல் பெற்றார். முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்டால் ஹார்மோன் மாத்திரை வாழ்நாள் முழுவதும் தொடரும்.

தேடித் தேடிப் பார்ப்பதிலும் அபாயமுண்டு. தென்கொரியாவில் பரவலாக ஸ்கேன் செய்ததால் 2011இல் கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்று, 1993ஐ விடப் பதினைந்து மடங்கானது, இறப்போ மாறவில்லை. எனவே எல்லோரும் ஸ்கேனுக்கு விரைய வேண்டியதில்லை. கழுத்தில் தட்டுப்படும் கட்டியும், நீங்காத குரல் கரகரப்பும் தள்ளிப்போடக் கூடாதவை. மெக்காரிசன் வண்டலைக் குடித்தபோது அயோடினைத் தேடவில்லை. ஆயினும் ஊர் ஊராய் எண்ணிப் பார்த்த அப்பழக்கத்தைக் காங்ராவில் மீண்டும் காண்கிறோம்.